இரண்டாவது மணி

தினமும் ஸ்தூலமாக என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று சென்ற மாதம் ஒரு நண்பர் கேட்டார். கவிதை எழுதுகிறவர். நான் ஆம்புலன்ஸ் வண்டிகளை மேற்பார்வை பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியும். காலையிலிருந்து இரவுவரை கையும் காலும் என்ன செய்தன என்பதுதான் அவர் கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, காலி வண்டியைக் காலியாகவே வைத்திருப்பதுதான் வேலை என்றேன். நண்பர் சிரித்தார். வரி நன்றாக இருக்கிறது, எங்கேயாவது உபயோகப்படுத்திக்கொள்கிறேன் என்றார். அதை நான் வரியாகச் சொல்லவில்லை. வேலையின் விவரமாகத்தான் சொன்னேன். அவர் சிரித்ததால் இதை எழுதவேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் வேலூரிலிருந்து பிணத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற வண்டி என்றுதான் அர்த்தம். போகும்போது ஆட்டோ, டிராக்டர், யாராவது ஒருவருடைய கார், வரும்போது ஆம்புலன்ஸ். ஜபமாலையின் மணிகளும் 108 என்பதால் இந்த எண்ணைச் சொல்லும்போது சில கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நான் இருந்த சேவையின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த மாதிரியானது. சென்னையில் எங்கோ ஒரு அறையில் மணி அடிக்கும். நாட்றம்பள்ளி பைபாஸ் ஓரம் ஒரு வண்டி உறுமிக் கிளம்பும். இவற்றுக்கு நடுவில் நான்.

நாட்றம்பள்ளி, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு பேரூர். வடகிழக்கே வாணியம்பாடி, மேற்கே கிருஷ்ணகிரி, தெற்கே திருப்பத்தூர். ஜோலார்பேட்டைக்கு அந்தப்புறம் ஏலகிரி மலை. 2019 நவம்பர்வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் திருப்பத்தூர் மாவட்டம். இருட்டு விலகுமுன்பே கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் விரையும் ஷூ கம்பெனி வேன்கள். அரவைக் காலத்தில் கேத்தாண்டப்பட்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு சாலையில் பாதியை அடைத்து ஊர்ந்துபோகும் டிராக்டர்கள். இவற்றுக்கு ஊடே பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் ஓட்டிக்கொண்டு வருகிற லாரிகள். எங்கள் வண்டி நின்ற இடம் காரணத்தோடுதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

காலை எட்டு மணிக்கு ஆள் மாறும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுகிறவர், இவருக்குப் பதவிப் பெயர் பைலட், மருத்துவ உதவியாளர், பெரும்பாலும் முப்பது தாண்டாத ஆணோ பெண்ணோ. பன்னிரண்டு மணி நேரம். சிலிண்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு, சக்‌ஷன் இழுக்கிறதா, எந்த மருந்துக்கு இந்த மாதத்தோடு காலாவதி, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஸ்ட்ரெச்சரில் நேற்றைய ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா - இவற்றைப் பார்ப்பது. லீவு கேட்கிறவனுக்கு மாற்று ஆள் தேடுவது. நேற்று கூட்டத்தில் அடி வாங்கியவனைச் சமாதானப்படுத்தி மறுபடி வண்டியில் ஏற்றுவது. சென்னையில் இருக்கிற பெண்ணுக்கு, கேத்தாண்டப்பட்டி என்பது ஊர், மனிதர் பெயர் இல்லை என்று விளக்குவது. வாணியம்பாடிக்காரர் பதற்றத்தில் பாதி உருதுவில் சொல்லிவிட்டால் அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் சில்லறை. முக்கியமான வேலை ஒன்றுதான். எந்த வண்டி எங்கே காலியாக இருக்கிறது என்பது எந்த நிமிஷமும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். காலியான வண்டி அநாவசியமாகக் காலியில்லாமல் போகக்கூடாது. ஒன்று வெளியே போனால் பக்கத்து வண்டியின் எல்லை தானாகவே விரிந்துவிடும். ஜோலார்பேட்டை வண்டி தர்மபுரிக்குப் போனால் ஏலகிரி மலை நாட்றம்பள்ளியின் தலையில். வரைபடத்தில் பார்த்தால் சாதாரண விஷயம். போர்வை சின்னது, காலை மூடினால் தலை வெளியே.

நமது மரபில் இந்த வேலைக்கு ஒரு முன்னோடி இருக்கிறான். திருவாரூரில் ஆராய்ச்சி மணி கட்டிய சோழன். பசு வந்து மணியை அடித்தது; அவன் வந்தான். பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான். நீதிக்கு உச்சம் என்று காலங்காலமாய்ச் சொல்கிறோம். எனக்கு இந்த உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு தோன்றிய கேள்வி அற்பமானது, யாரும் கேட்டதாகத் தெரியவில்லை: அந்த நேரத்தில் மணியை இன்னொருவரும் வந்து அடித்திருந்தால்? கதையில் ஒரே ஒரு பசு. பாரி தேரைக் கொடுத்தது ஒரே ஒரு முல்லைக்கொடிக்கு. அந்தத் தேரை எதிர்பார்த்து அடுத்த வளைவில் யாராவது நின்றிருந்தார்களா என்ற கேள்வியே எழவில்லை. பேகன் போர்வை ஒரு மயிலுக்கு. நம் அறக்கதைகளில் கொடுக்கிறவன் ஒருவன், பெறுகிறவனும் ஒருவன். பெறுகிறவன் கண்முன் நிற்கிறான். மூன்றாவது ஆள் இல்லாத வரையில் வள்ளலாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று சொன்னால் புலவர்கள் கோபிப்பார்கள்.

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்களின் பெயரையும் கடையெழு வள்ளல்களின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

2017 மார்ச்சில் ஒரு பிற்பகல். வாணியம்பாடிக்கு வெளியே ஒரு டேனரியில் பிளெஷிங் மிஷினில் ஒருவர் கை போய்விட்டது. தோலின் உள்பக்கத்துச் சதையைச் சுரண்டி எடுக்கிற யந்திரம் அது. சுழலும் உருளையில் வரிசையாகக் கத்திகள். மனிதனின் தோல் எது, மாட்டின் தோல் எது என்று அதற்குத் தெரியாது. வாணியம்பாடி வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்ததால் நாட்றம்பள்ளி வண்டி வந்தது. டயர் விவகாரமாக நான் வாணியம்பாடியில் இருந்தேன், போய்ச் சேர்ந்தேன். உதவியாளர் கட்டுப் போட்டு, கையை உயர்த்திப் பிடித்து, செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டிருந்தான். உயிருக்கு ஆபத்தில்லை. விதி தெளிவானது: பக்கத்து அரசு மருத்துவமனை. அங்கிருந்து அவர்கள் அனுப்பினால் அதற்கு வேறு வண்டி.

அவருடைய மனைவி ஷூ கம்பெனியிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தாள். கத்தவில்லை. என் சட்டைப் பொத்தான் மட்டத்தில் பார்வையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “வேலூருக்கே கூட்டினு போய்டுங்கண்ணா. இங்க போனா கைய எடுத்துடுவாங்கண்ணா. கை போச்சுன்னா எங்க பொழப்பே போச்சு.”

அவள் சொன்னது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. கையைச் சேர்த்துத் தைக்கக்கூடியவர்கள் வேலூரில் இருக்கிறார்கள் என்பது தெரியும். நேரம் போகப்போக அந்த வாய்ப்பு தேயும் என்பதும் தெரியும். பைலட்டைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “வேலூருக்கே போங்கண்ணே” என்றேன். படிவத்தில் காரணம் எழுதவேண்டும். நோயாளியின் நிலை கருதி என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அது உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் நிலை கருதி என்று எழுதியிருக்கவேண்டும். அல்லது, என் நிலை கருதி.

வண்டி போய்ச் சேர்ந்து, ஒப்படைத்து, கழுவி, திரும்பி வர மூன்று மணி நேரத்துக்கும் மேல். நாலேகாலுக்கு நிலாவூரிலிருந்து அழைப்பு. ஏலகிரி மலைமேல். நெஞ்சுவலி, அறுபது வயதுக்காரர். ஜோலார்பேட்டை வண்டி வெளியே. அடுத்தது நாட்றம்பள்ளி. அது ஆம்பூரைத் தாண்டி எங்கோ இருந்தது. திருப்பத்தூரிலிருந்து ஒன்று கிளம்பிற்று. பதினான்கு வளைவுகளும் ஏறி நிலாவூரை அடைந்தபோது அழைப்பு வந்து ஐம்பத்திநாலு நிமிஷம் ஆகியிருந்தது. நாட்றம்பள்ளி வண்டி தன் இடத்தில் நின்றிருந்தால் முப்பத்தைந்து, நாற்பது ஆகியிருக்கும். வண்டி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். இறங்கும்போது ஒரு வளைவில் மூச்சு நின்றது. கீழே வந்து சேரும்வரை உதவியாளர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தான். இறந்துவிட்டார் என்று சொல்ல எங்களில் யாருக்கும் அதிகாரம் கிடையாது, வைத்தியர்தான் சொல்லவேண்டும். எனவே எங்கள் வண்டியில் யாரும் இறப்பதில்லை. ஏதோ ஒரு வள்ளலின் வளைவில் நடந்தது. எந்த வள்ளல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதத்தின் எல்லா அழைப்புகளையும் கூட்டி வகுத்தபோது ஐம்பத்திநாலு நிமிஷம் கரைந்து காணாமல் போயிற்று. சராசரி நன்றாகவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவருடைய மகன் ஏதோ காகிதத்துக்காக வந்தான். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மலைக்கு எவன் சார் வருவான்? நீங்க வந்தீங்களே, அதுவே போதும் சார்” என்றான். திட்டியிருந்தால் எதையாவது பதிலாகச் சொல்லியிருப்பேன்.

சிபியின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. சோழர்கள் தங்கள் மூதாதை என்று சொல்லிக்கொண்டவன். நான் மேலே சொன்ன வரிசையில் இந்த ஒரு கதையில்தான் இரண்டு பேர் கேட்கிறார்கள்: புறாவுக்கு உயிர், பருந்துக்குப் பசி. இரண்டும் நியாயம். அந்த அளவில் இது மற்றவற்றைவிடப் பெரிய கதை. ஆனால் சிபிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தராசில் வைக்க அவனிடம் சொந்தச் சதை இருந்தது. நான் அறுத்து வைத்தது நிலாவூர்க்காரரின் பத்தொன்பது நிமிஷம். என் கருணை உண்மையானதுதான். அதை நான் சந்தேகப்படவில்லை. அதற்கான செலவை வேறொருவர் கணக்கில் எழுதினேன். கொடுக்கும்போது அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொடுக்க முடிந்தது.

மேலை நாட்டுத் தத்துவவாதிகள் இந்த மாதிரிப் புதிர்களை நிறைய செய்து வைத்திருக்கிறார்கள். ஃபிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1967இல் எழுதிய கட்டுரையின் தறிகெட்ட டிராம் வண்டி இப்போது கல்லூரிப் பையன்களுக்கெல்லாம் தெரியும்: ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், மறு தண்டவாளத்தில் ஒருவன், எந்தப் பக்கம் திருப்புவது. ஜான் டாரெக் என்ற அமெரிக்கர் 1977இல் எண்ணிக்கைக்கே இதில் இடமில்லை என்று வாதிட்டார். ஒருவனுக்கு அவன் உயிர் போவதுதான் இழப்பு, ஐந்து இழப்புகளைக் கூட்டி அனுபவிக்க ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு மனம் கிடையாது, வேண்டுமானால் நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள் என்பது அவர் கட்சி. படித்தபோது எனக்கு அந்த வாதத்தில் மரியாதை ஏற்பட்டது. ஆனால் இவர்கள் எல்லாருடைய தண்டவாளத்திலும் ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஐந்து என்று எண்ண முடிகிறது. என் இரண்டாவது தண்டவாளம் மூடுபனியில் இருந்தது. அதில் யாரும் இல்லாமலும் இருந்திருக்கலாம். பெரும்பாலான பிற்பகல்களில் யாரும் இருப்பதில்லை என்பதுதான் உண்மை. இல்லாமல் போகக்கூடிய ஒருவனுக்காக, எதிரில் ரத்தம் சொட்ட நிற்பவனை மறுப்பது - இதை எந்தத் தராசில் வைப்பது?

டேனரித் தொட்டி இன்னொரு வகையில் இதையே காட்டுகிறது. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அளவு கூடும்போது மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. கழிவுத்தொட்டியில் இறங்கியவன் சாய்வான். மேலே நிற்பவன் அவனைத் தூக்கக் குதிப்பான். அவனும் சாய்வான். மூன்றாவதாக ஒருவன். இம்மாதிரிச் சாவுகளில் காப்பாற்றப் போனவர்களின் பங்கு எப்போதும் உண்டு. எங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவு, சுவாசக் கருவியோடு தீயணைப்புக்காரர்கள் வரும்வரை தொட்டிக்குள் இறங்காதே என்பது. கூட்டம் கல்லெறியும். கை கட்டி நிற்கவேண்டும். ஆம்புலன்ஸ் வந்தும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று மறுநாள் பேசுவார்கள். உண்மைதான், நின்றோம்.

இங்கே நம் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் தொழில் என்று எழுத்தைச் சொல்கிறேன். டேனரித் தொழிலாளியையும் ஏப்ரனோடு நின்ற அவர் மனைவியையும் பற்றி ஒரு சிறுகதை எழுதச் சொன்னால் இதைப் படிக்கிற பத்துப்பேரும் எழுதிவிடுவீர்கள். நன்றாகவும் எழுதுவீர்கள். விதியைக் காட்டி மறுக்கிற மேற்பார்வையாளன் அதில் ஒரு யந்திரமாக வருவான். விதியை மீறினால் மனிதனாகிவிடுவான். நாவலும் சிறுகதையும் ஒரு முகத்தின் பக்கத்தில் நின்று எழுதப்படுபவை. அதுதான் அவற்றின் பலம் என்று நாம் சொல்லிவருகிறோம், ஸ்தாபனங்களுக்கும் கோஷங்களுக்கும் எதிராக, தனி மனிதன் என்று. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த பிற்பகலில் என்னை ‘வேலூருக்கே’ என்று சொல்ல வைத்ததில் நான் படித்த கதைகளுக்குப் பங்கு உண்டா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உண்டு என்றே படுகிறது. ஒரு முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவை அவை. முகமில்லாதவனைப் பார்க்க அவை கற்றுக்கொடுக்கவில்லை. நிலாவூர்க்காரர், மணி அடிப்பதற்கு முன்னால் வரை, ஒரு கதையிலும் இடம்பெற முடியாதவர். அவருக்குப் பெயரில்லை, வலி இல்லை, ஆடு மேய்த்துக்கொண்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ இருந்திருப்பார். அவருக்காக நின்றுகொண்டிருந்தது ஒரு காலி வண்டி மட்டும்.

இதற்கு மறுபக்கம் உண்டு, அது இன்னும் மோசம். 2023 செப்டம்பர் 11, விடியற்காலை. நான் வேலையை விட்டு வெகுநாளாகியிருந்தது. நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் சண்டியூர் அருகே, கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் வேன் ஒன்று பழுதாகி நெடுஞ்சாலையில் நின்றது. பெண்கள் இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து வந்த மினி லாரி வேனில் மோதிற்று. ஏழு பெண்கள் இறந்தார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த முதல் நினைவு: எத்தனை வண்டி? காயம்பட்டவர்கள் பத்துக்கு மேல் என்றால் நாட்றம்பள்ளி, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, திருப்பத்தூர். எல்லாம் இங்கே வந்துவிட்டால் ஏலகிரிக்கு யார்? இதையெல்லாம் மனம் முடித்த பிறகுதான், பழுது சரியாகட்டும் என்று சாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வரிசை அதுதான். நெப்போலியனின் படை வைத்தியன் லாரே, தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து முதலில் எடுத்தவன். குதிரை பூட்டிய ஆம்புலன்ஸ் வண்டிகளைப் போர்க்களத்துக்குள் ஓட்டியவன். கத்துகிறவனைத் தாண்டிப் போய்ச் சத்தமில்லாமல் கிடப்பவனைத் தொடுவது என்பது அவனிடமிருந்து வருகிறது. அந்தப் பார்வையைப் பழக்கிக்கொண்டவனுக்கு முகம் பின்னால்தான் தெரியும். இப்படி ஆகாமல் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகிவிட்டவன் அந்த வேலையைச் செய்யலாமா என்பதும்.

சட்டத்தின் பக்கம் விஷயம் ஒழுங்காகவே இருக்கிறது. அடிபட்டு வருகிறவனுக்கு எந்த வைத்தியரும் முதலில் சிகிச்சை தரவேண்டும், போலீஸ் சம்பிரதாயம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்யும் திட்டமும் வந்தது. நல்ல காரியங்கள். இவை ஒவ்வொன்றும் வந்து சேர்ந்துவிட்டவனின் உரிமை. வண்டி வராதவனைப் பற்றி, வராததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கும்போது, சட்டம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தத் தொழிலாளிக்கு மூன்று விரல்கள் தங்கின. கட்டைவிரலும் அதில் ஒன்று. நிலாவூர்க்காரர் பத்தொன்பது நிமிஷம் முன்னதாக வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒரு வைத்திய நண்பரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பக்கத்து மருத்துவமனைக்கே போயிருந்தால் அந்த மூன்று விரல்கள் தங்கியிருக்குமா என்றும் கேட்டேன். அதுவும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு நாள். பச்சூர் பக்கம் ஒரு பையன், மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு. நினைவோடு இருந்தான். தகப்பன் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். காலைத் தொட வந்தார். பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போகும் என்றேன். அவர் சொன்ன வார்த்தைகளை எழுதப்போவதில்லை. பையனை அங்கே விட்டுவிட்டு நாற்பது நிமிஷத்தில் வண்டி திரும்பி வந்தது. பைபாஸ் ஓரம் அதன் இடத்தில் நின்றது. நான் பக்கத்திலேயே பைக்கில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன். மணி மூன்றாயிற்று; நான்காயிற்று. பைலட் அண்ணன் முன்கண்ணாடியைத் துடைத்தார், பிறகு பக்கக் கண்ணாடிகளையும். ஐந்தரை வரை எந்த அழைப்பும் வரவில்லை.

“டீ சாப்பிடலாமா சார்?” என்றார்.